ஒருத்தன் குறையறான்

என் கணவர் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதே இல்லை. மயிலாப்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் அன்று காலையில் பதிவேட்டை ஒரு முறை படிப்பார். மத்தியானம் அதை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் ஒவ்வொரு பையனையும் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே அதே வரிசையை என்னிடம் ஒப்பிப்பார். கல்யாணமாகி மந்தைவெளி வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து ஜூன் மாதம் என்றால் எனக்கு அதுதான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஜூனில் அவர் ஒப்பிக்கவில்லை. தலைவலி என்றார். மறுநாளும் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானே கேட்டேன்.

"வர மாட்டேங்குது, புஷ்பம்," என்றார். "போன வருஷத்துப் பசங்க பேருதான் நாக்குல வந்து நிக்குது."

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெரியவள் ஸ்டெல்லாவுக்கு நாலு வயது. சின்னவன் அந்தோணிக்கு ஞானஸ்நானம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையே புருஷனுக்கும் செய்தேன். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பதிவேட்டைப் பார்த்து ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டேன். நடுவில் குழந்தை அழுதான். எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதினேன். ஒரு வாரம் சாயங்காலங்களில் தூளிக்கயிற்றை ஒரு கையில் இழுத்துக்கொண்டு அவரைப் படிக்க வைத்தேன். நாலு பெயர் சொல்வார். ஐந்தாவதில் நின்றுவிடுவார். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஐந்தாவதைத் தாண்டவில்லை.

கடைசி நாள் நான் முழு வரிசையையும் வாசித்து முடித்ததும், "ஒருத்தன் குறையறான்," என்றார்.

"எல்லாரும் இருக்காங்க."

"இல்ல, ஒருத்தன் குறையறான்."

"யாருங்க?"

உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. இல்லாத பையனைக்கூட இருப்பதாக நினைக்க ஆரம்பித்துவிட்டாரே என்று பயந்துபோனேன். "சரி, விடுங்க," என்று தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கை. கரும்பலகையில் அவர் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். நடக்கும்போது அந்தக் கை வீசாமல் தொங்கும். முகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. கோபமோ என்று நினைத்து இரண்டு மாதம் நான் வேறு அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

பள்ளிக்கூடத்து மானேஜர் எங்கள் பங்குச் சாமியார்தான். அவரே ஒருநாள் வகுப்புக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, என் கணவருக்கு லீவு கொடுத்து அனுப்பினார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஞானப்பிரகாசம். வேலை பார்க்கலாம்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க வகுப்பை நானே பார்த்துக்கிறேன். யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அந்த வகுப்புதான் அவருக்கு எல்லாம். அது எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும்.

டிராமில் போய், சர்க்கார் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பெஞ்சில் காலை ஏழு மணிக்கே உட்கார்ந்தோம். ராயப்பேட்டையில் இருந்த என் கணவரின் அக்கா இட்லியும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். பெயரைக் கூப்பிடும்போது பதினொன்றரை. அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு உள்ளே வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். என் கணவரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அது ஒரே இழுப்பில் வராமல், பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்வதுபோல் விட்டுவிட்டு வந்தது. ஒரு காகிதத்தைக் கொடுத்து எதையாவது எழுதச் சொன்னார். அவர் தன் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதினார். முதல் எழுத்து மிளகளவு, கடைசி எழுத்து கடுகளவு.

"சின்ன வயசுல தூக்கக் காய்ச்சல்னு ஏதாவது வந்ததா?"

அக்காதான் பதில் சொன்னாள். "பதினாறு வயசுல வந்ததுங்க. ரெண்டு மாசம் எழுப்ப எழுப்பத் தூங்கினான். சோறு ஊட்டும்போதே தூங்குவான். பொழைச்சதே மாதா புண்ணியம்."

இது பார்க்கின்ஸன் வியாதி, நடுக்குவாதம் என்பார்கள், அந்தக் காய்ச்சல் விட்டுப்போன மிச்சம் இத்தனை வருஷம் கழித்துத் தலை தூக்கியிருக்கிறது என்றார் டாக்டர். நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். நடப்பது, எழுதுவது, பொத்தான் போடுவது எல்லாம் ஒரு காலத்தில் கஷ்டப்பட்டுப் பழகினவை. பழகிய பிறகு யோசிக்காமலே நடக்கின்றன. அப்படி யோசிக்காமல் நடப்பதைத் தொடங்கிவைக்கிற ஓர் இடம் மூளைக்குள் ஆழத்தில் இருக்கிறது. அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. கைகாலில் பலம் இருக்கும், தொடக்கம்தான் வராது. குணமாக்க மருந்து இல்லை. நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு.

"ஞாபகம், படிப்பு இதெல்லாம் கெடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"புத்திக்கு ஒண்ணும் ஆகாதும்மா. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. ஏன், ஏதாவது மறக்கிறாரா?"

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் கையில் பேனா இருந்தது. நான் சொல்வதெல்லாம் அந்தச் சீட்டில் ஏறும், பிறகு சர்டிபிகேட்டிலும் ஏறும் என்று தோன்றியது.

"இல்லீங்க," என்றேன்.

மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டும் என்று மூன்று வாரம் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்கள் வார்டில் எங்களுக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணி வரைதான் அனுமதி. நான் குழந்தையோடு போவேன். ஸ்டெல்லாவை அக்கா வைத்துக்கொண்டாள். தினமும் அவள் ஒரு தூக்கில் ரசம்சாதத்தைக் குழையப் பிசைந்து அனுப்புவாள். ஸ்பூனில் எடுத்தால் சிந்தாத பதம். அந்தப் பதத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கோபால் என்று ஒரு டிராம் கண்டக்டர். கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தார். வாய்க்கு மட்டும் கட்டுப் போட முடியவில்லை என்று நர்ஸ் சொல்வாள். ஒருநாள் நான் போனபோது என் கணவர் வார்டு வாசற்படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகரவில்லை. முன்னால் சாய்கிறார், கால் வரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன்; விழப்பார்த்தார்.

"இழுக்காதம்மா, இழுக்காத," என்றார் கோபால். "இன்னா வாத்யாரே, ஸ்டாப்பிங்லயே வண்டி நின்னுக்கினு கீது? டிக்கெட்டெல்லாம் குடுத்தாச்சு." தலைமாட்டில் இருந்த அலுமினியத் தம்ளரை ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட், போலாம்."

கால் எழுந்தது. படியைத் தாண்டிக் கட்டில் வரைக்கும் நடந்து வந்துவிட்டார். வார்டே சிரித்தது. அவர் முகம் சிரிக்கவில்லை, ஆனால் தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"தினமும் இப்படித்தாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா ஓட்டிக்கினு கீறேன். வண்டியில கோளாறு இல்லம்மா. மணி அடிக்க ஒரு ஆளு வோணும், அவ்ளோதான். சம்பளம் வோணாம், உன் நாத்தனார் ரசத்துல ஒரு வாய் குடு."

நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் என்ன இருந்தது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மருந்து பெல்லடோனா, ஒரு செடியிலிருந்து எடுப்பது. தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொடுப்பார்கள். வாய் காயும், பார்வை கொஞ்சம் மங்கும், அதைப் பார்த்துத்தான் அளவை நிறுத்துவார்கள். பத்துச் சொட்டில் கை கொஞ்சம் அடங்கிற்று. பதினைந்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தம்ளரை ஒரு கையால் எடுத்துச் சிந்தாமல் குடித்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே, "சின்னவனுக்கு என்ன பேரு வெச்சோம்?" என்றும் கேட்டார். "அந்..." என்று நான் ஆரம்பித்ததும் "அந்தோணி" என்று முடித்தார். ஆஸ்பத்திரி அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை நின்றுவிட்டதே, அதைப் பார்க்காமல் இதைப் போய்ப் பார்ப்பார்களா?

மூன்றாவது வாரம் புட்டியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேளைக்குப் பதினைந்து சொட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பத்து நாள் கழித்து வந்தால் சர்டிபிகேட். அதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சாமி சொல்லி அனுப்பினார்.

அன்று காலையிலிருந்தே என் கணவருக்குப் படபடப்பு. சட்டையை இரண்டு தரம் மாற்றினார். படபடத்தால் நடுக்கம் கூடும்; கூடியது. மத்தியானம் பதினைந்து சொட்டுக்குப் பதில் இருபத்தைந்து விட்டேன். மூன்றரை மணிக்கும் விரல் உருண்டுகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து விட்டேன். கணக்குத் தெரியாமல் செய்யவில்லை. ஒவ்வொரு சொட்டையும் எண்ணித்தான் விட்டேன்.

சாமி வந்து உட்கார்ந்தபோது என் கணவரின் கை கல்லாக இருந்தது. காபித் தம்ளரை வாங்கினார், குடித்தார், கீழே வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகம் சிவந்திருப்பதையும், கண்மணி பெரிதாகி இருப்பதையும் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தேன்.

"பசங்க உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஞானப்பிரகாசம்," என்றார் சாமி.

அவர் சாமியைப் பார்க்கவில்லை. சாமிக்குப் பின்னால் இருந்த வெறுஞ்சுவரைப் பார்த்தார். "மழையில நிக்கிறாங்களே, உள்ள வரச் சொல்லுங்க," என்றார். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து நின்று, காற்றில் எதையோ எடுத்தார். சுண்ணாம்புக்கட்டி போலிருக்கிறது. அதை வைத்துக் காற்றில் எழுதினார். எப்போதோ படித்துவிட்டுப் போன பையன்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஸ்டெல்லா பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சாமி மெதுவாகக் கேட்டார். "இது எத்தனை நாளா இருக்கும்மா?"

"இன்னைக்குத்தான், சாமி."

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. மருந்தை நான்தான் கூட்டிக் கொடுத்தேன் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அக்காவை வரவழைத்து, ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொட்டுகள், ஜூன் மாதம், அந்த ஐந்தாவது பெயர், எல்லாவற்றையும்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "முன்னாடியே சொல்லியிருந்தா பத்துச் சொட்டோட நிறுத்தியிருப்பேனேம்மா. கையை அடக்குற மருந்து ஞாபகத்தையும் அமுக்கும். ஏற்கெனவே அதுல கஷ்டப்படுறவருக்கு ரெண்டு பங்கு அமுக்கும். புஸ்தகம் சொல்றது ஒண்ணு, வீட்டுல இருக்கிறவங்க பார்க்கிறது ஒண்ணு. நீங்கதானே எனக்குச் சொல்லணும்?"

இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். சாமி வந்ததே அவருக்கு நினைவில்லை. "சாமி எப்ப வர்றாரு? காபிக்குப் பால் சொல்லி வெச்சியா?" என்று கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

அன்று சனிக்கிழமை. நேராகக் கோயிலுக்குப் போனேன். நான் செய்ததைச் சாமியிடம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். வரிசையில் நின்று, செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனப் பெட்டியில் முழந்தாளிட்டு, தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லவும் கூடாது, அதை வைத்து ஒரு காரியம் செய்யவும் கூடாது. சின்ன வயதிலிருந்து ஞான உபதேசத்தில் படித்தது. அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமி, "மகளே, இதை வெளியில வந்து சொல்லு. இங்க கேட்டது இங்கயே இருக்கும்," என்றார்.

ஞாயிறன்று பூசை முடிந்து சொல்லலாம் என்றிருந்தேன். அவரைச் சுற்றிக் கூட்டம். திங்களன்று குழந்தைக்கு ஜுரம். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய் நின்றபடியே சொன்னேன். சாமி முதல் தடவை கேட்பவர்போலவே கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின நாள்தான் புது வாத்தியாரின் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் வகுப்புக்கு ஆள் இருந்தாக வேண்டியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்றுவரை நினைக்கிறேன். போயிருந்தாலும் சாமி மாற்றியிருப்பாரா, தெரியாது. அந்தத் தெரியாததோடுதான் இருக்கிறேன்.

டிசம்பரில் சாமி என்னைக் கூப்பிட்டு, அதே பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். புருஷனுடைய நாற்காலியைப் பறித்துக்கொண்டதுபோல் கூசியது. அவர்தான், "போ. பதிவேட்டைப் பார்த்தே கூப்பிடு. ஒண்ணும் தப்பில்ல," என்றார். இப்போது பத்துச் சொட்டுதான். கை ஆடுகிறது. ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது.

இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஆபீஸ் அலமாரியில் பதிவேடுகளை அடுக்கினேன். போன வருஷத்து ஐந்தாம் வகுப்புப் பதிவேடு கையில் வந்தது. அவர் கையெழுத்து, மிளகிலிருந்து கடுகாகிக்கொண்டே போகிற எழுத்து. கடைசி எண்ணைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. ஏனோ மனசு கேட்கவில்லை. என் பையிலிருந்த ஜெபப் புத்தகத்துக்குள் அந்தத் தாள் அப்படியே இருந்தது. எண்ணினேன். நாற்பத்தொன்று. குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்த இடத்தில் ஒரு பெயரை விட்டிருந்தேன். பத்தொன்பதாவது பெயர்.

சாயங்காலம் காபியை அவரிடம் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, தாளைப் பிரித்தேன். அவரை ஒப்பிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதுபோல் நான் கூப்பிட்டேன்.

"ஆரோக்கியசாமி."

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "முதல் பெஞ்சு. நகத்தைக் கடிப்பான்."

"இன்னாசி."

"அவன் பக்கத்துல. கணக்குல புலி."

ஐந்தாவதில் நிற்கவில்லை. ஆறாவது, ஏழாவது, பத்தாவது. ஒவ்வொருவனுக்கும் இடம் இருந்தது, ஏதோ ஒரு குணம் இருந்தது. கண்டக்டர் தம்ளரைத் தட்டியது எனக்குக் காதில் கேட்டது. அந்த நாற்பத்திரண்டு பேரையும் அவர் போன ஜூன் மாதமே படித்து முடித்திருந்தார். நான் அவரைத் தொடங்கு, தொடங்கு என்று ஒரு வாரம் உட்காரவைத்துத் தவிக்கவிட்டிருக்கிறேன். ஒரு பையனை எழுப்பிப் பெயர்களை வாசிக்க வைத்திருந்தால் அவர் வகுப்பு அவரிடம் இருந்திருக்கும். இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்று இல்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான்.

பதினெட்டு முடிந்தது. தாளில் இல்லாத பெயரைக் கூப்பிட்டேன்.

"லூர்துநாதன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அவன்தான்," என்றார். "அவனைத்தான் விட்டுட்ட. கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். காது கொஞ்சம் மந்தம். சத்தமா கூப்பிடணும். இல்லேன்னா உட்கார்ந்திருக்கும்போதே ஆப்செண்ட் விழுந்துடும்."

புது வாத்தியார் வந்த அக்டோபரிலிருந்து அந்தப் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்செண்ட் போட்டிருந்தது. நவம்பரில் சிவப்பு மையால் பெயரையே அடித்திருந்தது. அதை நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "மேல கூப்பிடு. இன்னும் இருபத்துமூணு பேர் இருக்காங்க."

கூப்பிட்டேன்.